அப்பாவுக்கு சி.ஆர்.பி. 4.6, ராத்திரி மூச்சு நின்னு நின்னு வருது. எந்த டெஸ்ட் எடுக்கணும்?

தேயிலைத்தளிர் (கோத்தகிரி)

எல்லாருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 58 வயசு. தேயிலை ஃபேக்டரியில் ட்ரையர் பக்கம் வேலை பார்த்தவர், ஷிஃப்ட் மாறி மாறித் தூங்கிப் பழகின உடம்பு. போன வாரம் கீழே போய் மாஸ்டர் செக்கப் எடுத்தோம். சர்க்கரை பார்டரில் இருக்கு. பி.பி.க்கு ஏற்கெனவே மாத்திரை போடுறார். ஹீமோகுளோபின் 17.8. இதோட எச்.எஸ்.-சி.ஆர்.பி. (உடம்புல அழற்சி இருந்தா ரத்தத்துல ஏறுற புரதமாம்) 4.6னு வந்து, பக்கத்துல தடிமனா ‘ஹை’னு போட்டிருக்காங்க.

அவர் குறட்டை அடுத்த வீடு வரைக்கும் கேக்கும். அது எங்களுக்குப் பழகிப் போச்சு. ஆனா அம்மா சொல்றது வேற. குறட்டை திடீர்னு நின்னுடுமாம். மூச்சே இருக்காதாம். அம்மா பயந்து தோளைத் தட்டப் போறதுக்குள்ள ஒரு பெரிய இழுப்போட மறுபடி ஆரம்பிக்குமாம். காலையில எழுந்தா தலைவலி. ஊட்டி பஸ்ல உக்காந்தா கட்டபெட்டு வர்றதுக்குள்ள தூங்கிடுவார்.

லேபில் இருந்து போன் பண்ணி, அழற்சி பேக்கேஜ்னு ஒண்ணு இருக்கு, ஐ.எல்.-6, டி.என்.எஃப். ஆல்ஃபா, ஃபெரிட்டின்னு அழற்சியைக் காட்டற ரத்த டெஸ்ட் எல்லாம் சேர்த்து எடுத்துட்டா குறட்டையாலதான் இந்த அழற்சியானு தெரிஞ்சிடும்ங்கறாங்க. விலை ஆயிரக்கணக்குல. எடுக்கலாமா? சி.ஆர்.பி. ஏறினதுக்கும் ராத்திரி மூச்சு நிக்கறதுக்கும் நிஜமாவே சம்பந்தம் இருக்கா?

லேப் மேசை (குன்னூர்)

தங்கச்சி, ரிப்போர்ட்டில் முதலில் யூனிட்டைப் பாருங்க. லிட்டருக்கு 4.6 மில்லிகிராம் என்றால் லேசான ஏற்றம். அதே 4.6 டெசிலிட்டர் கணக்கில் இருந்தால் லிட்டருக்கு 46 ஆகிவிடும். அப்போது உடம்பில் எங்கே தொற்று என்று உடனே தேட வேண்டியிருக்கும். எச்.எஸ். என்று போட்டிருப்பதால் லிட்டராகத்தான் இருக்கும், ஆனாலும் கண்ணால் பார்த்து உறுதி பண்ணிக்குங்க. இரண்டு லேபில் எடுத்த ரிப்போர்ட்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ‘பத்து மடங்கு குறைஞ்சிருச்சு’ என்று சந்தோஷப்படுகிறவர்களை எங்கள் கவுன்ட்டரில் பார்த்திருக்கிறேன்.

கோவிட் சமயத்தில் சி.ஆர்.பி. என்ற பேர் எல்லா வீட்டுக்கும் வந்துவிட்டது. அப்போது பார்த்தது சாதாரண சி.ஆர்.பி., 50, 100 என்று வரும். எச்.எஸ். என்பதும் அதே புரதம்தான், குறைந்த அளவையும் துல்லியமாக அளக்கிற முறை. 1-க்குக் கீழே குறைவு, 1 முதல் 3 வரை நடுத்தரம், 3-க்கு மேல் அதிகம் என்பது 2003-ல் அமெரிக்க இதய சங்கமும் சி.டி.சி. என்ற அந்நாட்டு அரசு நோய்த்தடுப்பு மையமும் மாரடைப்பு அபாயத்தைக் கணக்குப் போட வைத்த கோடு. குறட்டைக்காக யாரும் போட்ட கோடு கிடையாது. 10-க்கு மேல் வந்தால் சளி, காய்ச்சல், புண் ஏதாவது இருக்கா என்று பார்த்து, இரண்டு வாரம் விட்டு மறுபடி எடுக்கச் சொல்வோம்.

அன்றைக்கு அவருக்குச் சளி இருந்ததா? ஈறு வீங்கி ரத்தம் வருமா? பீடி உண்டா? முழங்கால் வீக்கம்? தொப்பை? இதில் எது இருந்தாலும் சி.ஆர்.பி. ஏறும். தென்மேற்குப் பருவத்தில் இங்கே ரத்தம் கொடுக்க வருகிறவர்களில் பாதிப் பேர் மூக்கை உறிஞ்சிக்கொண்டுதான் வருகிறார்கள்.

ஐ.எல்.-6 பற்றி: அது நாளின் நேரத்துக்கு ஏற்ப ஏறி இறங்கும். ரத்தத்தை எடுத்த கையோடு பிரித்துக் குளிரில் வைக்கணும். மலையில் எடுத்த சாம்பிள் ஐஸ் பெட்டியில் கீழே இறங்கி வேறு ஊர் போய்ச் சேர்கிறது. டி.என்.எஃப். இன்னும் தொட்டாற்சுருங்கி. இவ்வளவு செலவு பண்ணி வருகிற எண், எதனால் ஏறியது என்று சொல்லாது. நான் இந்தத் தொழிலில் இருந்துகொண்டே சொல்கிறேன், அந்தப் பணத்தை வைத்திருங்க.

நீலக்குறிஞ்சி (மருத்துவ மாணவி)

சம்பந்தம் கண்டிப்பா இருக்கு அக்கா. 2002-ல் மேயோ கிளினிக் குழு சர்க்குலேஷன் இதழில் வெளியிட்ட ஆய்வில், வேறு நோய் இல்லாத, மருந்து எதுவும் சாப்பிடாத, புதிதாக ஸ்லீப் அப்னியா (தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் நோய்) கண்டுபிடிக்கப்பட்டவர்களிடம் சி.ஆர்.பி. அதிகமாக இருந்தது. அப்னியா எவ்வளவு கடுமையோ அவ்வளவு சி.ஆர்.பி. அதற்கு முன்பே 1997-ல் வொன்ட்சாஸ் என்ற ஆய்வாளரின் குழு, பகலில் தூங்கி வழிகிற அப்னியா நோயாளிகளிடம் டி.என்.எஃப். ஆல்ஃபாவும் ஐ.எல்.-6-ம் கூடுதலாக இருப்பதைக் காட்டினார்கள். அதனால் அப்பாவுக்கு 4.6 வந்தது ஆச்சரியமில்லை. பேக்கேஜ் எடுத்தால் ஆதாரம் இன்னும் வலுவாகும் என்றுதான் எனக்குத் தோணுது.

பைன்காடு (ஊட்டி)

நான் நெஞ்சக நோய் மருத்துவர். நேரில் பார்க்காதவருக்கு வைத்தியம் சொல்ல முடியாது, ஆனால் இந்தக் கேள்வி என் அறைக்கு அடிக்கடி வருவதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

தூங்கும்போது தொண்டைத் தசை தளர்கிறது. சிலருக்கு அந்த வழி முழுதாக அடைபட்டுப் போகிறது. பத்து நொடி அல்லது அதற்கு மேல் காற்று நின்றால் அதை ஒரு அப்னியா என்று எண்ணுகிறோம். பாதி அடைப்புக்கு ஹைப்போப்னியா என்று பெயர். இரண்டையும் கூட்டி, தூங்கிய மணி நேரத்தால் வகுத்து வருகிற எண்ணுக்கு ஏ.எச்.ஐ. என்று பெயர். அது 5-க்கு மேல் என்றால் லேசானது, 15-க்கு மேல் நடுத்தரம், 30-க்கு மேல் கடுமை. கடுமை என்றால் இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை கழுத்து நெரிபடுகிறது என்று அர்த்தம், அதுவும் இரவு முழுக்க.

ஒவ்வொரு தடவையும் ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கி, மூளை உசுப்பிவிட்டதும் மறுபடி ஏறுகிறது. ஆக்சிஜன் ஒரே சீராகக் குறைந்திருந்தால் உயிரணு ஒருவிதமாகப் பழகிக்கொள்ளும். இறங்கி ஏறி இறங்கி ஏறுவது வேறு வேலை செய்கிறது. கணப்பில் கிடக்கிற கரியை விட்டு விட்டு ஊதினால் எப்படிக் கனன்று வருமோ அப்படி, ஆக்சிஜன் திரும்பி வரும் ஒவ்வொரு தடவையும் ஆக்சிஜனேற்றக் கழிவுகள் கிளம்பி, என்.எஃப்.-கப்பா-பி என்கிற சுவிட்சைத் தட்டிவிடுகின்றன. 2005-ல் டப்ளினில் ரையன், டெய்லர், மெக்நிக்கலஸ் மூவரும் உயிரணுக்களை வைத்து இதைக் காட்டினார்கள்: விட்டு விட்டு வரும் ஆக்சிஜன் குறைவு, அழற்சிப் பாதையைத்தான் தேர்ந்தெடுத்து முடுக்குகிறது. அந்த சுவிட்ச் விழுந்தால் டி.என்.எஃப். ஆல்ஃபா, ஐ.எல்.-6, ஐ.எல்.-8 எல்லாம் சுரக்கும். ஐ.எல்.-6 கல்லீரலுக்குப் போய்ச் சொன்ன பிறகு கல்லீரல் சி.ஆர்.பி.யைத் தயாரிக்கிறது. ஆக, சி.ஆர்.பி. நமக்கு வருகிற மூன்றாம் கைச் செய்தி.

சிக்கல் எங்கே என்றால், அதே ஐ.எல்.-6-ஐ வயிற்றுக் கொழுப்பும் சுரக்கிறது. ரத்தத்தில் ஓடுகிற ஐ.எல்.-6-ல் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கொழுப்புத் திசுவில் இருந்து வருவது. அப்னியா உள்ளவர்களில் பெரும்பாலோர் பருத்தவர்கள். கல்லீரலுக்கு வந்த சொல் தொண்டையில் இருந்து வந்ததா தொப்பையில் இருந்து வந்ததா என்று சி.ஆர்.பி.யில் எழுதியிருக்காது. 2004-ல் ஸ்டான்ஃபோர்டில் கில்லெமினோ குழு உடல் எடையையும் சேர்த்துக் கணக்குப் போட்டபோது, சி.ஆர்.பி.யோடு ஒட்டி நின்றது உடல் பருமன்தான். அதற்குப் பின் வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால் எடையைக் கழித்தும் கொஞ்சம் மிச்சம் நிற்கிறது. அந்த மிச்சம் மெய்தான். ஆனால் அது கூட்டத்தின் சராசரியில் தெரிகிற மிச்சம், உங்கள் அப்பா ஒருவரின் தாளில் அதைப் பிரித்து எடுக்க முடியாது.

தளிர், அவருடைய எடை, உயரம், கழுத்துச் சுற்றளவு சொல்லுங்கள். தையல் டேப் வைத்து குரல்வளை மேட்டுக்குக் கீழே அளந்தால் போதும். இன்னொன்று, அதை இன்றைக்கே பாருங்கள்: படுக்கிற அறையில் கரி அடுப்பு, கணப்பு ஏதாவது வைத்துக் கதவைச் சாத்துகிறீர்களா? காலைத் தலைவலி அப்னியாவிலும் வரும், கார்பன் மோனாக்சைடிலும் வரும். கோவிட் காலத்தில் வாங்கிய விரல் ஆக்சிமீட்டரை மாட்டினால் கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தத்தையும் அது 97, 98 என்றே காட்டும். அந்தக் கருவியை நம்பி அடுப்பை உள்ளே வைத்திருக்காதீர்கள்.

தேயிலைத்தளிர் (கோத்தகிரி)

ரொம்ப நன்றி டாக்டர். யூனிட் லிட்டர்தான், பார்த்துட்டேன். எடை 84, உயரம் 166. கழுத்து 42 சென்டிமீட்டர். பீடி விட்டு ரொம்ப வருஷமாச்சு. சளி அன்னைக்கு இல்ல. கரி அடுப்பு அம்மா குளிர் ஜாஸ்தியானா வைப்பாங்க, அதுவும் அப்பா ரூம்ல. இன்னைக்கே வெளியே எடுத்து வெச்சாச்சு.

பைன்காடு (ஊட்டி)

நல்ல காரியம். குறட்டை, பகல் அசதி, மூச்சு நிற்பதைப் பக்கத்தில் படுத்தவர் பார்த்தது, பி.பி., 50-க்கு மேல் வயது, 40-க்கு மேல் கழுத்து, ஆண். ஸ்டாப்-பேங் என்று ஒரு கேள்விப் பட்டியல் உண்டு, டொரான்டோவில் 2008-ல் உருவானது. எட்டுக் கேள்வி. இவருக்கு பி.எம்.ஐ. (உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு) 35-ஐத் தாண்டவில்லை என்பது ஒன்றுதான் தப்பியது, மீதி ஏழும் ஆமாம். ஐந்து வந்தாலே நடுத்தர அல்லது கடும் அப்னியா இருக்க நிறைய வாய்ப்பு. ஒரு பைசா செலவில்லாத இந்த ஏழு, அந்தப் பேக்கேஜை விட அதிகம் சொல்லிவிட்டது.

ரத்தத்தில் ஏதாவது பார்த்தே ஆகணும் என்றால் விலை குறைந்தவற்றைப் பாருங்கள். டி.எஸ்.எச். ஒன்று, தைராய்டு குறைந்தால் நாக்கும் தொண்டையும் ஊதி அப்னியா வரும். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. ஒன்று. சீரம் பைகார்பனேட் ஒன்று. அது 27-க்கு மேல் இருந்தால் பகலிலும் கரியமில வாயு தேங்குகிறதா என்று பார்க்க வேண்டும், வைத்தியமே மாறும். ஹீமோகுளோபின் 17.8-ஐ யாரும் சிவப்பில் போடவில்லை போலிருக்கிறது. எனக்கு சி.ஆர்.பி.யை விட அதுதான் உறுத்துகிறது. மலையில் வாழ்கிறவர்களுக்குக் கொஞ்சம் கூடத்தான் செய்யும், ஆனால் நம் உயரத்தில் அந்தக் கூடுதல் ஒரு கிராமுக்குள் நிற்க வேண்டும். இரவெல்லாம் ஆக்சிஜன் இறங்குகிறவர்களுக்கு இப்படி ஏறும்.

பூம்பாறைக்காரன் (மேல்மலை)

குறுக்க வர்றதுக்கு மன்னிக்கணும். எங்க மலைப்பூண்டு நாலு பல், மிளகு, மஞ்சள் போட்டுப் பாலில் காய்ச்சி ராத்திரி குடிக்கச் சொல்லுங்க. உடம்புல இருக்கற அழற்சி எல்லாம் இறங்கும். எங்க தாத்தா காலத்துல இருந்து குடிக்கறோம்.

லேப் மேசை (குன்னூர்)

பூண்டுப் பால் நல்லதுங்க அண்ணா, நானும் குடிக்கிறேன். நாளைக்கே அதனால் சி.ஆர்.பி. 2-க்கு இறங்கினாலும் தொண்டை அடைபடுவது நிற்காது என்பதுதான் என் கவலை. ஸ்டீராய்டு போட்டாலும் எண் இறங்கும், கொழுப்பு மாத்திரை ஸ்டாட்டின் போட்டாலும் இறங்கும். தாளில் ‘நார்மல்’ என்று பார்த்துவிட்டு அவர் அடுத்த வருஷம் வரைக்கும் டாக்டர்கிட்ட போகாமல் இருந்துடுவார்.

மூஞ்சிக்கல் (கொடைக்கானல்)

நான் சிபேப் மெஷின் (மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தித் தொண்டையைத் திறந்து வைப்பது) போட்டுத் தூங்குகிறவன், சில வருஷங்களாக. ஏ.எச்.ஐ. 52-ல் ஆரம்பித்தேன்.

மெஷின் வந்த முதல் வாரத்திலேயே பகல் தூக்கம் போச்சு. மத்தியானம் கடைக் கல்லாவில் தலை சாயாமல் உட்கார்ந்திருந்தேன். என் மனைவிக்கும் தூக்கம் திரும்பி வந்தது. ராத்திரி எழுந்து எழுந்து பாத்ரூம் போவதும் நின்றது. அதற்கும் அப்னியாவுக்கும் தொடர்பு உண்டு என்று எனக்குத் தெரியாது, சர்க்கரை என்று நினைத்திருந்தேன்.

ஆனால் சி.ஆர்.பி. அப்படியே நின்றது. ஆறு மாதம் கழித்து எடுத்தபோதும் 5-ஐ ஒட்டியே. மனசு விட்டுப் போச்சு. அப்புறம் என் டாக்டர் திட்டி நடக்க வைத்தார். ஏரியைச் சுற்றி நடந்து, அரிசியைக் குறைத்து, எடை பத்து கிலோவுக்குப் பக்கத்தில் இறங்கியதும்தான் எண் 2-க்கு வந்தது. நீலக்குறிஞ்சி சொல்கிற ஆய்வுகள் சரியாகவே இருக்கட்டும், என் உடம்பில் மெஷின் தூக்கத்தைக் கொடுத்தது, எடை சி.ஆர்.பி.யைக் குறைத்தது.

நீலக்குறிஞ்சி (மருத்துவ மாணவி)

அண்ணா, ஒருத்தர் அனுபவத்தை வைத்து அப்படி முடிவு கட்ட முடியாது இல்லையா? சிபேப் மூன்று மாதத்துக்கு மேல், ராத்திரிக்கு நாலு மணி நேரத்துக்கு மேல் போட்டவர்களிடம் சி.ஆர்.பி. குறைவதாகத் தொகுப்பாய்வுகள் சொல்கின்றன. அப்னியா அழற்சியை உண்டாக்குகிறது என்றால், அப்னியாவை நிறுத்தினால் அழற்சி குறையணும். குறையலைன்னா டப்ளின் ஆய்வுக்கு என்ன அர்த்தம்? அப்புறம் 2004-ல் வொன்ட்சாஸ் குழுவே டி.என்.எஃப்.-ஐத் தடுக்கிற எட்டனர்செப்ட் கொடுத்துப் பார்த்தபோது அப்னியா நோயாளிகளின் பகல் தூக்கம் குறைந்ததே. இந்த மூலக்கூறுகள் வெறும் சாட்சி இல்லை, தூக்கக் கலக்கத்துக்கே காரணம்னு தானே அது காட்டுது?

பைன்காடு (ஊட்டி)

கேட்க வேண்டிய கேள்விதான், நன்றாகக் கேட்டிருக்கிறீர்கள்.

எட்டனர்செப்ட் ஆய்வு எனக்கும் பிடித்தமானது. அதில் இருந்தவர்கள் எட்டே ஆண்கள். அது ஒரு கதவைத் திறந்து காட்டியது, அவ்வளவுதான். அந்த மருந்தைக் குறட்டைக்கு யாரும் எழுதிக் கொடுப்பதில்லை, கொடுக்கவும் கூடாது; காசநோய் தூங்கிக் கிடக்கிற நம் ஊரில் டி.என்.எஃப்.-ஐ அடக்குவது சாதாரண விஷயம் இல்லை.

சிபேப் பற்றி நேராகச் சோதித்த ஆய்வு 2014-ல் நியூ இங்கிலாந்து ஜர்னலில் வந்தது, சிரினோஸ் முதலானோர் எழுதியது. உடல் பருமன், நடுத்தர அல்லது கடும் அப்னியா, சி.ஆர்.பி. 1-க்கு மேல் என்று 181 பேர். சீட்டுக் குலுக்கி மூன்றாகப் பிரித்தார்கள்: சிபேப் மட்டும், எடைக் குறைப்பு மட்டும், இரண்டும். 24 வாரம். எடை குறைத்த இரண்டு குழுவிலும் சி.ஆர்.பி. இறங்கியது. சிபேப் மட்டும் போட்ட குழுவில் இறங்கவில்லை. மூஞ்சிக்கல் சொன்னது ஒருவர் அனுபவம் என்றாலும் இதோடு ஒத்துப் போகிறது.

அதே ஆய்வில் இன்னொரு பக்கம் உண்டு, அதை விட்டுவிட்டுப் பேசுகிறவர்கள் அதிகம். சொன்னபடி ஒழுங்காகப் பின்பற்றியவர்களை மட்டும் எடுத்துப் பார்த்தால், இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களுக்கு ரத்த அழுத்தம், ஏதாவது ஒன்றை மட்டும் செய்தவர்களை விட அதிகமாக இறங்கியது. சி.ஆர்.பி. அசையாத இடத்திலும் மெஷின் வேலை செய்கிறது.

2016-ல் சேவ் ஆய்வு. ஏற்கெனவே இதய நோயோ பக்கவாதமோ வந்த 2,700 பேருக்கு மேல். சிபேப் கொடுத்தும் மாரடைப்பு, பக்கவாதம் குறையவில்லை. ஆனால் அவர்கள் மாஸ்க் போட்டது சராசரியாக இரவுக்கு 3.3 மணி நேரம். மீதி இரவு தொண்டை பழையபடி அடைபட்டுக்கொண்டுதான் இருந்திருக்கும். விடியற்காலைக் கனவுத் தூக்கத்தில்தான் பலருக்கு அப்னியா மோசம், அந்நேரம் மாஸ்க் தலையணைக்குப் பக்கத்தில் கிடக்கிறது. அந்த ஆய்விலும் பகல் தூக்கமும் வாழ்க்கைத் தரமும் தேறின.

டப்ளின் ஆய்வு பொய்யாகிவிடவில்லை அம்மா. அது அழற்சி வருகிற ஒரு மதகைக் காட்டியது. மனிதருக்குள் மதகு நிறைய.

எடை விஷயத்தில் கணக்கு தெளிவு. விஸ்கான்சினில் வருஷக்கணக்கில் ஆட்களைப் பின்தொடர்ந்து 2000-ல் சொன்னார்கள்: உடல் எடை பத்து சதவீதம் கூடினால் ஏ.எச்.ஐ. சுமார் 32 சதவீதம் ஏறும், பத்து சதவீதம் குறைந்தால் சுமார் 26 சதவீதம் இறங்கும். 2024-ல் எடை குறைக்கும் டிர்செபடைட் ஊசியை வைத்து 469 பேரிடம் செய்த இரண்டு சோதனைகளில் ஏ.எச்.ஐ. மணிக்கு 25 முதல் 29 வரை குறைந்தது, எச்.எஸ்.-சி.ஆர்.பி.யும் கூடவே இறங்கியது. ஊசி விலை நம் தோட்டக் குடும்பங்களுக்கு எட்டாது, அதனால் அதை யாருக்கும் இங்கே சிபாரிசு செய்யவில்லை. எடை இறங்கினால் இரண்டும் சேர்ந்து இறங்கும் என்பதற்காகச் சொல்கிறேன்.

தேயிலைத்தளிர் (கோத்தகிரி)

புரியுது டாக்டர். பேக்கேஜ் வேண்டாம்னு சொல்லிட்டேன். ஸ்லீப் ஸ்டடிக்கு (தூங்கும்போது மூச்சைப் பதிவு பண்ற டெஸ்ட்) கோயமுத்தூர்ல ஒரு ஆஸ்பத்திரியில ராத்திரி தங்கச் சொல்றாங்க. இங்கேயே வீட்டுல மாட்டி விடற மெஷினும் வாடகைக்கு வருதாம். எது எடுக்கணும்?

பைன்காடு (ஊட்டி)

இது மலைவாசிகள் மட்டும் கேட்க வேண்டிய கேள்வி, சமவெளி மருத்துவர்கள் பல பேர் இதை யோசிப்பதில்லை.

கோயமுத்தூர் கடல்மட்டத்தில் இருந்து 400 மீட்டர் சொச்சம். கோத்தகிரி கிட்டத்தட்ட 1,800, ஊட்டி 2,240, கொடைக்கானல் 2,100-க்கு மேல். ஊட்டியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்கு, ஆக்சிஜனும் அதே விகிதம். விழித்திருக்கும்போது ஆக்சிமீட்டரில் 95, 96 காட்டும், ஒன்றும் தெரியாது. ஆனால் ரத்தம் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும் வளைவில் நாம் மேட்டு நிலத்தின் விளிம்பில் நிற்கிறோம், தாண்டினால் செங்குத்துச் சரிவு. கீழே இருபது நொடி மூச்சு நின்றால் இறங்குகிற அளவை விட இங்கே அதே இருபது நொடிக்கு ஆழமாக இறங்கும். விட்டு விட்டு வரும் ஆக்சிஜன் குறைவுதான் அழற்சிக்கு வித்து என்றால், மலையில் அந்த ஏற்ற இறக்கம் பெரிது.

இன்னொன்றும் நடக்கும். உயரத்தில் தொண்டை திறந்திருந்தும் மூளை மூச்சு விட மறந்துபோகிற மத்திய அப்னியா கூடும். சுவிட்சர்லாந்தில் ஜூரிச்சில் வாழும் அப்னியா நோயாளிகளை 2,590 மீட்டருக்கு அழைத்துப் போய்ப் பார்த்தபோது ஆக்சிஜன் இன்னும் இறங்கியது, மத்திய அப்னியா கூடியது. அவர்கள் சமவெளிக்காரர்கள், புதிதாக ஏறியவர்கள். பிறந்ததில் இருந்து மலையில் இருக்கிறவருக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் கீழே ஓர் இரவு தூங்கி எடுத்த ரிப்போர்ட், கோத்தகிரியில் அவர் தினம் தூங்குகிற தூக்கத்தைக் கொஞ்சம் நல்லவிதமாகக் காட்டிவிடும்.

உங்கள் அப்பாவுக்கு ஏழு மதிப்பெண் இருப்பதாலும் இதய நோய், நுரையீரல் நோய் எதுவும் தெரியவில்லை என்பதாலும் வீட்டு ஸ்டடியே போதும். மூக்கில் ஒரு குழாய், மார்பில் ஒரு பெல்ட், விரலில் ஒரு சென்சார். ஒரே எச்சரிக்கை: குளிரில் விரல் விறைத்தால் சென்சார் தப்பாகக் குறைத்துக் காட்டும். கைக்குக் கம்பளி உறை போட்டுப் படுக்கச் சொல்லுங்கள். பைகார்பனேட் 27-க்கு மேல் வந்தால் மட்டும் ஆஸ்பத்திரியில் தங்கி முழு ஸ்டடி எடுக்க வேண்டும்.

முதுமலை மூங்கில் (கூடலூர், நர்ஸ்)

டாக்டர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். எங்கள் பக்கம் பணியர், இருளர், குறும்பர் ஊர்களில் சிக்கில் செல் (ரத்தச் சிவப்பணு அரிவாள் மாதிரி வளைகிற பரம்பரை நோய்) இருக்கிறது. இந்தியாவில் அதை முதன்முதலில் கண்டதே நீலகிரியில், 1952-ல் லேமனும் கட்புஷும். சிக்கில் செல் உள்ளவர்களுக்கு சி.ஆர்.பி. சும்மாவே ஏறியிருக்கும். ராத்திரி ஆக்சிஜன் இறங்கினால் அவர்களுக்கு வலி நெருக்கடி வரலாம். அந்தக் குழந்தைகள் வாயைத் திறந்து குறட்டை விட்டால் டான்சிலும் அடினாய்டும் பார்க்கணும். ‘சளி, சரியாயிடும்’ என்று விடக் கூடாது. இந்த இழையைப் படிக்கிற ஆசிரியர்கள், அங்கன்வாடி அக்காக்கள் யாராவது இருந்தால் மனசில் வையுங்க.

தேயிலைத்தளிர் (கோத்தகிரி)

ரிசல்ட் வந்துடுச்சு. ஏ.எச்.ஐ. 44. மத்திய அப்னியா கொஞ்சம்தான், மீதி எல்லாம் அடைப்பு. ஆக்சிஜன் 69 வரைக்கும் போயிருக்கு. பைகார்பனேட் 25, தைராய்டு நார்மல். அம்மா அந்த கிராஃபைப் பார்த்துட்டு ரொம்ப நேரம் பேசல. இங்க இருக்கற டாக்டர் சிபேப் ஆரம்பிச்சுட்டார். ஆனா குழாய்க்குள்ள தண்ணி கட்டி களகளன்னு சத்தம், அப்பா மூக்குல தெறிச்சு எழுந்து உக்காந்துட்டார். கரண்ட் போனா என்ன பண்றதுனும் தெரியல.

மூஞ்சிக்கல் (கொடைக்கானல்)

டிசம்பரில் நம் ஊரில் இது எல்லாருக்கும் வரும். ஹியூமிடிஃபையரில் (மெஷினில் காற்றை ஈரமாக்கும் பாகம்) இருந்து வெதுவெதுப்பாகக் கிளம்புகிற ஈரக்காற்று, குளிர்ந்த ரூமில் கிடக்கிற குழாயில் பட்டுத் தண்ணியாகிறது. மெஷினைக் கட்டிலை விடத் தாழ்வாக வையுங்க, தண்ணி திரும்பி மெஷின் பக்கமே ஓடட்டும். குழாய்க்கு ஒரு உறை தைத்துப் போடுங்க. என் மனைவி பழைய கம்பளி மஃப்ளர் இரண்டை நீளமாகச் சேர்த்துத் தைத்து, ஓரத்தில் பிரஸ் பட்டன் வைத்துக் கொடுத்தாள். குழாயைப் போர்வைக்குள் விட்டுத் தலைப்பக்கம் எடுத்தால் இன்னும் நல்லது. ஹியூமிடிஃபையர் அளவை ஒரு படி குறைத்துப் பாருங்க. காசு இருந்தால் சூடாகிற குழாய் தனியாகக் கிடைக்கும்.

கரண்டுக்கு: மரம் விழுந்தால் நம் பக்கம் ராத்திரி முழுக்க வராது. இன்வெர்ட்டரில் ஓடும். அந்த நேரம் ஹியூமிடிஃபையர் சூட்டை அணைத்துவிடுங்க, பேட்டரியைத் தின்பது அதுதான், காற்று மோட்டார் கொஞ்சமாகத்தான் இழுக்கும். மெஷின் எவ்வளவு உயரம் வரைக்கும் அழுத்தத்தைத் தானாகச் சரி பண்ணிக்கொள்ளும் என்று புக்கில் போட்டிருக்கும், ஊட்டி, கொடை ஆட்கள் வாங்குவதற்கு முன் அதைப் பாருங்க.

கல்லட்டி ரோடு (டிரைவர்)

ஆரம்பத்துல இருந்து படிச்சிட்டு வரேன். எனக்கும் குறட்டை. சீசன்ல நாலு மணி நேரம் தூங்கறதே பெருசு. வண்டி ஓட்டும்போது தூங்கினது இல்ல, ஆனா சில நேரம் ரெண்டு வளைவு எப்படித் திரும்பினேன்னு ஞாபகம் இருக்காது. எனக்கும் செக்கப்ல சி.ஆர்.பி. எடுத்தாங்க, 1.2, நார்மல்னு சொல்லிட்டாங்க. அப்ப எனக்குப் பயமில்லைதானே?

பைன்காடு (ஊட்டி)

தம்பி, பயப்பட வேண்டியவர் நீங்கள்தான். சி.ஆர்.பி. 1.2 என்பது அப்னியா இல்லை என்று சொல்லாது. ஒல்லியாக, தாடை உள்வாங்கி இருக்கிறவர்களுக்கு சி.ஆர்.பி. தாழ்வாகவே இருந்து ஏ.எச்.ஐ. 40 வந்ததைப் பார்த்திருக்கிறேன். திரும்பிய வளைவு ஞாபகம் இல்லை என்றால் அந்த நொடிகளில் நீங்கள் தூங்கியிருக்கிறீர்கள், கண் திறந்திருந்தாலும். கல்லட்டியில் 36 கொண்டை ஊசி வளைவு என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நாலு மணி நேரத் தூக்கம் தனியாகவே ஒரு கேடு. ஆரோக்கியமானவர்களைப் பத்து நாள் அந்த அளவுக்கு மட்டும் தூங்கவிட்டுச் சோதித்தபோது சி.ஆர்.பி. ஏறியது, அப்னியா எதுவும் இல்லாமலே. உங்களிடம் இரண்டும் சேர்ந்திருக்கலாம். கழுத்தை அளந்து, வீட்டில் உங்களுக்குப் பக்கத்தில் படுக்கிறவரிடம் மூச்சு நிற்கிறதா என்று கேட்டு, சீக்கிரம் ஒரு நெஞ்சக நோய் மருத்துவரைப் பாருங்கள். டிரைவர் என்று முதலிலேயே சொல்லுங்கள், ஸ்டடிக்கு உங்களை முன்னால் எடுப்பார்கள். அதுவரை இரவிலும் விடியற்காலையிலும் வண்டி எடுக்காதீர்கள். லைசென்ஸ் போய்விடும் என்று மறைக்கிறவர்கள் உண்டு. மாஸ்க் போட்டு ஒழுங்காகத் தூங்க ஆரம்பித்தால் பெரும்பாலானவர்களுக்குச் சில வாரத்தில் பகல் தூக்கம் விலகிவிடும், மறுபடி ஓட்டலாம்.

கல்லட்டி ரோடு (டிரைவர்)

கழுத்து 39. சம்சாரத்தைக் கேட்டேன், மூச்சு நிக்குதுன்னு சொல்லுது, ரொம்ப நாளா நிக்குதாம், சொன்னா நான் கோபப்படுவேன்னு சொல்லாம விட்டிருக்கு. திங்கக்கிழமை டாக்டர்கிட்ட போறேன். ராத்திரி ட்ரிப் எல்லாம் மச்சானுக்கு மாத்தி விட்டாச்சு.